ஜனாதிபதி நூலகமும் கொத்மலையும்

கேள்வி: அமெரிக்காவில் ஜனாதிபதிகளுக்கென்று நூலகம் கட்டுகிறார்களாமே! எங்கள் கொத்மலையிலும் ஒன்று கட்டினால் என்ன?
(ஒரு வாசகர், பூண்டுலோயா)

பதில்: தாராளமாகக் கட்டலாம். ரூஸ்வெல்ட்டின் நூலகம் 1941இல் திறக்கப்பட்டது ஹைட் பார்க் என்ற அவரது சொந்த ஊரில். ஹூவருடையதும் அயோவாவின் ஒரு சிற்றூரில்தான். நம் நாட்டில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் நூலகம் உள்ள ஜே.ஆர். ஜயவர்தன நிலையத்துக்கு 1988இல் சட்டமே இயற்றினார்கள். அது இருப்பது கொழும்பில். நாடற்றிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமொன்று வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வாசிக்க நமக்கு ஓர் இடம் வேண்டாமா?

கொத்மலைக்கு உரிமையும் உண்டு. ஜே.ஆர். காலத்தில், 1985இல் திறந்த 87 மீட்டர் உயர அணைக்கட்டுக்காக இங்கே ஊர்களும் வயல்களும் விகாரைகளும் நீருக்குள் போயின. வரட்சியில் தண்ணீர் வற்றினால் கடதொர விகாரை தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். இடம்பெயர்ந்தவர்களில் சிலருக்குத் தேயிலை நிலம் கிடைத்தது. அந்த நிலத்தில் அதுவரை கொழுந்து பறித்தவர்கள் என்ன ஆனார்கள்? காணி வரைபடம், நட்டஈட்டுப் பதிவு, செக்றோல் (தோட்டத்துப் பேர்ப்பதிவு) எல்லாவற்றையும் இந்த நூலகத்தில் சேர்க்க வேண்டும்.

ஒன்று கவனம்: லயத்துத் தட்டில் வைத்த பள்ளிக்கூடப் புத்தகமே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பளிங்குத் தரைக்கு முன்னால் ஈரம் ஏறாத அறை வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணிவரை கதவு திறந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்த நூலகர் கட்டாயம். முதல் அலுமாரி, மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளைக்கு. ஜனாதிபதிகளுக்கு இரண்டாவது.