தெற்கிலிருந்து வடக்கே

கே: ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் சைக்கிள் பயணத்தை வடக்கிலிருந்து தொடங்கக் கூடாது என்று சட்டமா?

சட்டம் இல்லை, காற்று இருக்கிறது. வாட்டர்சே தீவில் தொடங்கி, 10 தீவுகளை 6 கடற்பாலச் சாலைகளாலும் 2 படகுப் பயணங்களாலும் இணைத்து, லூயிஸ் தீவின் வடமுனைக் கலங்கரை விளக்கம்வரை ஏறத்தாழ 297 கி.மீ. நீளும் இவ்வழியில், காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே வீசுவதாலும், அதைத் தடுக்க மரங்கள் மிக அரிது என்பதாலும், கூடாரமும் அடுப்பும் சைக்கிளிலேயே கட்டிச் செல்பவர் தெற்கிலிருந்து புறப்படுவதே அறிவுடைமை.

கே: பாரா தீவின் கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டலாமா?

விமான நேரம் பார்த்தாகிவிட்டதா? கால அட்டவணைப்படி வரும் பயணிகள் விமானங்கள் அங்கே கடற்கரையில்தான் இறங்குகின்றன. கடல் ஏறும்போது ஓடுபாதைகள் மூன்றும் நீரில் மூழ்கிவிடுவதால், அலையேற்றத்தைக் கணக்கிட்டே அட்டவணை எழுதப்படுகிறது. காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் கம்பத்தில் பறக்கும் வேளையில் மணலில் எவரும் கால் வைக்கலாகாது.

கே: அப்படியானால் பக்கத்துப் புல்வெளியில் ஓட்டலாமே?

அங்கே குடியிருப்போரிடம் கேட்டாயிற்றா? சிப்பித்தூள் மணல் காற்றால் உள்நாட்டில் படிந்து உருவான, ‘மாக்கர்’ எனப்படும் அந்த அரிய புல்வெளியில், ஆட்காட்டி இனப் பறவைகளும் உள்ளான்களும் வேனிலில் தரையிலேயே முட்டையிடுகின்றன. ஏற்கெனவே தேய்ந்த தடத்தை விட்டு விலகும் சக்கரத்துக்கு மண்ணின் நிறமுள்ள முட்டை கண்ணில் படாது.