கொக்கியியல்: சீன எழுத்துக் கீற்றுகளின் பெயர்கள் குறித்து

சீன எழுத்தில் பேனா தாளைத் தொட்டது முதல் தாளை விட்டு எழும்வரை விழும் கோடு ஒரு கீற்று. ஒவ்வொரு கீற்றுக்கும் பெயர் உண்டு. படுத்த கோடு ஹெங், நின்ற கோடு ஷூ. இடப்பக்கம் சரிந்து இறங்குவது பியெ, வலப்பக்கம் சரிவது நா, புள்ளி தியென். கீழிருந்து மேல்நோக்கிச் சீவுவது தி; தைவானில் அது தியாவ் என்ற பெயரில் வாழ்கிறது. இந்த ஆறும் சாதுவானவை. ஆய்வாளருக்கு இவற்றால் வேலை இல்லை.

கோடு திரும்பும் இடத்தில்தான் கொக்கியியல் தொடங்குகிறது. முறிந்தால் ஜெ, வளைந்தால் வான், நுனியில் கொக்கி மாட்டினால் கோவ். பேனா போன வழியெல்லாம் பெயரில் ஏறிவிடும். 'பால்' என்ற எழுத்தின் வலப்பாதியில் ஒரு கீற்று இருக்கிறது. அதன் முழுப்பெயர் ஹெங்-ஜெ-ஜெ-ஜெ-கோவ்: படுத்து, முறிந்து, முறிந்து, மறுபடியும் முறிந்து, கொக்கி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் எழுதியபடி இப்பெயர்களை ஒரே குரலில் சொல்லிப் பழகுகிறார்கள். எழுதக் கை பழகியபின் நீண்ட பெயர்கள் பலருக்கு மறந்துபோகின்றன. ஆக, இத்துறையின் நிபுணர்கள் பெரும்பாலும் பால்பல் விழும் வயதினர்.

முன்னோர் பெயரிடுவதில் இத்தனை வறட்சியாக இல்லை. 'என்றென்றும்' எனப் பொருள்படும் யுங் என்ற எழுத்தை வைத்து எட்டுக் கீற்றுமுறைகளைக் கற்பித்தார்கள். கடிவாளம் இழுத்தல், சாட்டை வீசல், கொத்தல், உடல் பிளத்தல் என்று அவற்றின் பெயர்களில் குதிரையும் பறவையும் கொலைத்தண்டனையும் வந்து போகின்றன. எழுத்துக்கலைஞர் வாங் ஸீஜி 353இல் எழுதிய லாந்திங் முன்னுரையின் முதல் எழுத்தும் இந்த யுங்தான். எட்டு முறைகளைச் சுமக்கும் இந்த எழுத்தை இன்றைய கணக்கில் ஐந்தே கீற்றில் எழுதிவிடலாம் என்பது மரபைப் பாதிக்கவில்லை.

சீன அரசு முறிவுகளைத் தனியே எண்ணியது. 2001இல் வெளியான தரநிலை 25 வகை முறிவுகளை ஏற்கிறது. யூனிகோடு 2005இல் 16 கீற்றுகளுக்கு இடம் தந்து, 2008இல் 36 ஆக்கியது. ஆனால் அகராதியில் வரிசைப்படுத்த ஐந்தே இனங்கள்: ஹெங், ஷூ, பியெ, தியென், ஜெ. தி ஹெங்கிலும் நா தியெனிலும் அடங்கிவிடும். நின்ற கோடு இடப்பக்கம் கொக்கி போட்டால் ஷூவாகவே நீடிக்கும். அடியில் வலப்பக்கம் சீவினால் ஜெ ஆகிவிடும். இந்த ஓரவஞ்சனை தனி ஆய்வுக்குரியது.

இதை விளையாட்டு என்று தள்ள முடியாது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர் பட்டியல் குடும்பப்பெயரின் கீற்றெண்ணிக்கைப்படி அமைகிறது. எண்ணிக்கை சமமானால் முதல் கீற்றின் இனம் தீர்ப்புச் சொல்லும். திங் என்ற குடும்பப்பெயருக்கு இரண்டே கீற்று. அதிலும் முதலாவது ஹெங். அக்குடும்பத்தார் பிறக்கும்போதே முன்வரிசைக்காரர்கள்.

பேச்சுவழக்கில் இத்துறையின் நிலை கவலைக்குரியது. தொடங்கவே தொடங்காத காரியத்தை, 'எட்டு'க்கு இன்னும் ஒரு பியெகூட விழவில்லை என்பார்கள். 'எட்டு' என்ற எழுத்து பியெயில் தொடங்குவதால் இது சரியே. மீசையை மட்டும் 'இரண்டு பியெ' என்று எண்ணுகிறார்கள். எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கத்து மீசை ஐயமின்றி நா. 2001ஆம் ஆண்டுத் தரநிலை முறிவுகளோடு நின்றுவிட்டதால், முறுக்காத மீசைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை.