டாக்டர் திரையில், அம்மா கட்டிலில்

கேள்வி: வீடியோ காலில் டாக்டர் வரும்போது அப்பா பனியனோடு படுத்திருக்கிறார். சட்டை போட்டுவிட வேண்டாமா? (கோவில்பட்டி வாசகி)

பதில்: வேண்டாம். மூச்சு எப்படி வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறதா என்றுதான் டாக்டர் பார்ப்பார். முகத்தில் வெளிச்சம் விழட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். அவ்வளவு மரியாதை போதும்.

கேள்வி: அம்மாவின் வலியைப் பற்றி நான் விவரமாகச் சொல்ல வருகிறேன். டாக்டரோ அம்மாவையே கேட்கிறார். அம்மா "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறாரே? (திருச்சி வாசகர்)

பதில்: வலி அம்மாவுடையது, வாயும் அவருடையதாகவே இருக்கட்டும். "பரவாயில்லை" என்று சொல்லியே பழகிய தலைமுறை என்பதால்தான் வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்கிறார்கள். மாத்திரைக்கு முன் 8, பின் 4 என்றால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். ராத்திரி எத்தனை முறை விழித்தார், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்பதை நீங்கள் தாளில் குறித்து வையுங்கள். வலிக்காக மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் பெரும் தொல்லை. கூச்சப்பட்டு அம்மா அதைச் சொல்லமாட்டார். அவர் பேசி முடித்தபின் நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: மார்ஃபினை டாக்டர் போனிலேயே எழுதித் தர மறுக்கிறார். துடிக்கிற நோயாளியிடம் இவ்வளவு கண்டிப்பா? (சேலம் வாசகி)

பதில்: கண்டிப்பு அவருடையதல்ல. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரக்கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது கொடுமை. மாற வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, ஒரு வார மருந்து மிச்சமிருக்கும்போதே நேரில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சைக்காகச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பிக்காகப் பேச்சைப் பதிவு செய்யலாமா? (தஞ்சை வாசகர்)

பதில்: நோயாளியும் டாக்டரும் சம்மதித்தால் மட்டும். தம்பியையே அழைப்பில் சேர்ப்பது அதைவிட நல்லது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. டாக்டர் போட்டு உடைத்துவிட்டால்? கேமராவுக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டுகிறேன். (மதுரை வாசகர்)

பதில்: ஜாடையை டாக்டருக்கு முன்பே அப்பா பார்த்திருப்பார். உங்கள் பயத்தை அழைப்புக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அப்பாவிடமே பக்குவமாகக் கேட்க அவருக்குத் தெரியும். அப்பா நேராகக் கேட்டால் மட்டும் டாக்டரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். போனை அப்பா கையில் கொடுத்து, ஐந்து நிமிடமாவது டாக்டரோடு தனியாகப் பேச விடுங்கள்.