கைராசி

கத்திரி தொடங்கிவிட்டால் வானிலைச் செய்தியில் வேலூரும் திருத்தணியும்தான் மாறி மாறிச் சதம் அடிக்கும். அந்த வெயிலில் எங்கள் பழைய கார்பரேட்டர் கார், மணவூரில் சாவியைத் தொட்டாலே உறுமும். திருத்தணி மலைப்பாதை ஏறி நிற்கும்வரை முணுமுணுப்பு இருக்காது. தரிசனம் முடிந்து வந்து உட்கார்ந்தால் செல்ஃப் மட்டும் சுற்றும். சூரனை வதைத்த கோபம் முருகனுக்கே தணிந்த மலை இது. எங்கள் காருக்கு இங்கேதான் ஏறும்.

பானட்டைத் திறக்க வேண்டியதுதான், வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். பூக்கடைக்காரர், "பேட்டரி டவுன் சார்" என்பார். செல்ஃப் ஜோராகச் சுற்றுவது அவர் காதில் விழாது. மொட்டையில் சந்தனம் காயாத நகரிப் பக்கத்துப் பெரியவர் குனிந்து மோந்து பார்த்து, "பெட்ரோல் ராவட்லேது" என்று தீர்ப்புச் சொல்ல, சந்தனம் ஒரு சொட்டு ஏர் ஃபில்டர் மேல் விழும். "ஓவர்ஃப்ளோ சார், ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு அடிங்க" என்பது வேன் டிரைவர். "காயில் போயிருக்கும்ணே" என்பது அவருடைய கிளீனர். "365 படி இருக்கு, நடந்தே இறங்கலாம்" என்பது என் மனைவி.

கூத்து என்னவென்றால், பூக்கடைக்காரரைத் தவிர யார் சொல்வதும் தப்பில்லை. இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோக, உள்ளிருந்த சூடெல்லாம் பம்பையும் கார்பரேட்டரையும் பிடித்துக்கொள்ளும். நிறுத்திக் கொஞ்ச நேரத்துக்குச் சூடு ஏறத்தான் செய்யும். பெட்ரோலின் லேசான பகுதியோ 40 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதிக்கிற ரகம். குழாயில் கொதித்தால் ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோல் வராது. கார்பரேட்டரில் கொதித்தால் பொங்கி வழிந்து பிளக்கை நனைத்துவிடும். காயில் சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்வதும் உண்டு. ஒரு பிளக்கைக் கழற்றினால் வழக்கு முடிந்தது: ஈரமாக இருந்தால் டிரைவர் பக்கம், காய்ந்திருந்தால் மொட்டைப் பெரியவர் பக்கம், பாடியில் வைத்துச் சுற்றும்போது பொறியே தெறிக்காவிட்டால் கிளீனர் பக்கம். ஆனால் மலைமேல் பிளக் ஸ்பேனர் யாரிடம் இருக்கிறது? வாய்தான் இருக்கிறது.

அரைமணி போனால் கார் தானாகவே ஆறிவிடும். அந்த நேரம் பார்த்து யார் கை பானட்டுக்குள் இருக்கிறதோ, அவர்தான் மெக்கானிக். ஒருதரம் தேங்காய் விற்கிற தாத்தா பேட்டரி டெர்மினலைத் தேங்காயால் தட்டினார். கார் கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் அவரிடம் விலை பேசவே முடிவதில்லை.

அரக்கோணத்து மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், அங்கே ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி என்னைப் பொய்யனாக்கும். கடைசியில் அவரையே ஒரு மத்தியானம் மலைக்குக் கூட்டிவந்தேன். வழக்கம்போல நின்றது. பிளக் காய்ந்திருந்தது, பொறி நீலமாக அடித்தது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை உரசிக்கொண்டு போவதைப் பார்த்து, கம்பி போட்டுத் தள்ளிக் கட்டினார். பக்கத்தில் கிடந்த துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் கார் உறுமியது.

நான் காசை எண்ணிக்கொண்டிருக்கும்போது தேங்காய்த் தாத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அந்தத் துண்டு யாருது தெரியுமா சாமி? என்னுது!"