பில்டு சர்வர் கர்ணம்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையோ கும்பகோணத்துச் சந்தோ, பத்துப் பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி எங்கே இருந்தாலும் அதில் இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். பையன்கள் ‘அண்ணே’ என்பார்கள். வேறு யாரையும் சார் போட்டுப் பேசாத முதலாளி இவரை மட்டும் ‘சார்’ என்பார். எல்லாம் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய சிபியு ஒன்று தேடித் தந்த மரியாதை. அதன் நெற்றியில் ‘ஆஃப் செய்யாதே’ என்ற தாள் ஒட்டியிருக்கும். எழுத்து வெளுத்துப் போய், அதன்மேலேயே மறுபடி பேனாவால் அழுத்தி எழுதியிருப்பார்கள். ஆயுதபூஜையன்று மற்ற கணினிகளுக்கு ஒரு பொட்டு, இதற்கு மூன்று. உள்ளே ஓடுவது ஜென்கின்ஸ் என்ற பில்டு மென்பொருள். பையன்கள் எழுதும் நிரலை எடுத்து, தொகுத்து, சோதித்து, கையொப்பமிட்டு, அரிசி ஆலைக்காரர்களுக்குப் போகும் மென்பொருளாக்கித் தருவது அதுதான். அதை ஏற்பாடு செய்தவரும், எழுப்பத் தெரிந்தவரும், அதட்டத் தெரிந்தவரும் அண்ணன் ஒருவரே.

இந்தச் சரக்கையெல்லாம் இதே வேலையைச் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கோ கிட்லாபுக்கோ மாற்றிவிடலாம் என்று யாராவது வாயெடுத்தால், அண்ணன் மறுக்கவே மாட்டார். ‘செஞ்சிடலாம்ப்பா, குறுவை அறுப்பு முடியட்டும்’ என்பார். நியாயம்தான், அறுவடை நேரத்தில் ஆலைக்காரர் மென்பொருளில் கை வைத்தால் யார் பதில் சொல்வது? குறுவை முடிந்தால் தீபாவளி. பிறகு வடகிழக்குப் பருவமழை, கரண்ட் நிலையில்லை. தை பிறந்தால் சம்பா அறுவடை. மாசி, பங்குனியில் கணக்கு முடிப்பு, ஜிஎஸ்டி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. டெல்டாவில் சும்மா கிடக்கிற மாதம் ஒன்று உண்டே, மே மாதம் என்று கேட்டால், ‘கத்திரி வெயில்ல மெஷினைத் தொடக்கூடாது, சூடாயிடும்’ என்பார். ஆக அண்ணனின் பஞ்சாங்கத்தில் முகூர்த்த நாளே கிடையாது.

இவரைச் சோம்பேறி என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர் காப்பது தரவை அல்ல. தரவைக் காக்க அவர் தேவையில்லை. ஜென்கின்ஸ் தன் சொத்து முழுவதையும் ஒரே கோப்புறையில், பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்புகளாகத்தான் வைத்திருக்கிறது; ஒரு சாயங்காலத்தில் நகலெடுத்துவிடலாம். நகலில் வராதது ‘ஏன்’ என்பதுதான். ஒரு ஸ்கிரிப்டின் நடுவில் தொண்ணூறு விநாடி சும்மா காத்திரு என்று இருக்கும். ஏன்? நெல் கொள்முதல் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து மத்திய அரசு தளர்த்திய ஏதோ ஒரு பருவத்தில் அவசரமாக உருவாக்கிய ‘ஈரப்பதம்_தற்காலிகம்’ என்ற வேலை இன்னும் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு ஓடும். அதை நிறுத்தினால் என்ன ஆகும்? எந்தக் கோப்பிலும் பதில் இல்லை. அண்ணன் தலையில் இருக்கிறது. இந்த ஊருக்கு இது புதிதுமில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் கிராம முன்சீப், ஊர்க் கணக்கு பார்த்த கர்ணம் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றது. அந்தப் பதவிகள் ஒழிந்தது நல்லதே. அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலர் கைக்கு மாறின. ஆனால் குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்த ஊரில், ஏட்டில் பெயர் யாருக்கு, வயலில் ஏர் யாருடையது என்ற விவரம் நோட்டோடு சேர்ந்து வந்துவிடுமா? அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுப் பணி நடந்தது. அதில் விழுந்த பெயர்ப் பிழைக்கும் பரப்புப் பிழைக்கும் திருத்தம் கேட்டு இன்றும் வருவாய் அலுவலகங்களில் மனு விழுந்தபடி இருக்கிறது. ஏடு மட்டும் போதாது என்பதற்குத் தஞ்சை அரண்மனை மராட்டியர் மோடி என்ற மராத்தி லிபியில் எழுதி விட்டுப்போன கட்டுகளும் சாட்சி. காகிதம் பத்திரமாக இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிஞர்களை உட்காரவைத்துத் தமிழாக்கிய பிறகே அவை பேசின.

ஜென்கின்ஸ் வேலைகளை மாற்றித் தரத்தான் இப்போது கருவியே வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. கிட்ஹப் தரும் இம்போர்ட்டர், ஜென்கின்ஸ் வேலைகளைப் படித்துப் புதிய வடிவில் எழுதித் தரும். ஆனால் கடவுச்சொற்களை நீங்களே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், ஸ்கிரிப்டாக எழுதிய பைப்லைன்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், தனக்குத் தெரியாத பிளக்இன் வந்தால் கைவிட்டுவிடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அண்ணன் சர்வரில் இருப்பதெல்லாம் சரியாக இந்த மூன்றும்தான்! கடவுச்சொல் விஷயம் இன்னும் வேடிக்கை. அவை ஒரு கோப்பில் பூட்டிக் கிடக்கும். சாவி உள்ளேயே தனியொரு துணைக் கோப்புறையில். பூட்டிய கோப்பை மட்டும் நகலெடுத்த புத்திசாலிக்குப் புது இடத்தில் ஒரு கடவுச்சொல்லும் திறக்காது. அந்தச் சாவிகளில் ஒன்றின் கோப்புப் பெயரில் இன்னும் ‘ஹட்சன்’ என்றே இருக்கிறது. சன் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி எழுதிய மென்பொருளின் பழைய பெயர் அது. ஆரக்கிளோடு தகராறாகி 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. வீடு கைமாறியும் பட்டா பழைய பேரிலேயே கிடக்கிற கதை.

அண்ணன் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எதையும் எழுதி வைக்காமல் மறைக்கிறார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கொஞ்சம் உண்மை. கர்ணத்துக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆனால் எழுதி வைக்க ஒரு வாரம் யாராவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர் தேடி அலைந்த மாதிரி ஆள்தான் இவர். ‘ஆவணம் எழுது’ என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சரி, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகவே தொடங்கினால் என்ன? பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். நாலாயிரத்துச் சொச்சம் பழைய பில்டுகளின் வரலாறு யாருக்கும் வேண்டாம். அண்ணன் அதை வைத்திருப்பது வெறும் பாசம். ஆனால் கையொப்பச் சாவி அப்படியல்ல. ஆலைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பும் ஆண்ட்ராய்டு ஆப்பில் கையொப்பம் மாறினால், பழையதன் மேல் புதியதை ஏற்றவே போன் சம்மதிக்காது. அந்தச் சாவி எங்கே இருக்கும் என்கிறீர்கள்? டி டிரைவில், ‘கல்யாண போட்டோ’ கோப்புறைக்குள், ‘புதுசு_கடைசி_2’ என்ற பெயரில்.

ஆகவே முதலாளிமாரே, இந்த மே மாதமே நாள் குறியுங்கள், வெயிலைப் பார்க்காதீர்கள். அண்ணனிடமிருந்து சர்வரைப் பிடுங்காமல், அவர் பக்கத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பையனை நோட்டோடு உட்காரவையுங்கள். இரண்டு சர்வரும் ஒரு குறுவை முழுக்கச் சேர்ந்து ஓடட்டும். அந்தப் பையனின் சம்பளம் தண்டச் செலவாகத் தோன்றினால், சாவி தொலைந்த ஆப்பை நீக்கிவிட்டு, ஒவ்வொரு ஆலைக்காரர் போனிலும் புதிதாக ஏற்றித் தர வண்டிக்குப் பெட்ரோல் எவ்வளவு ஆகும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.