'இன்னும் கொஞ்சம்' எனும் நீட்டலளவை: ஒரு மலைப்படி ஆய்வு

சாண், முழம், காதம் எல்லாவற்றையும் அறிஞர்கள் அளந்து முடித்துவிட்டார்கள். 1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டமும் வந்தாயிற்று. இவை எதற்கும் அடங்காமல் இன்றும் புழங்குகிற ஒரே அளவை 'இன்னும் கொஞ்சம்.' அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதை. படிகள் 3,550. ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகளே என்பதால், தரவு போதாது என்று தள்ளிவிட்டோம். (இம்முடிவை எடுத்தவன் சித்தூர் நண்பன், நான் உடன்பட்டவன் மட்டுமே.)

தரவு 1: நண்பன் வீட்டுத் திண்ணை. "கொஞ்ச தூரம்தான்டா, பேசிக்கிட்டே ஏறிடலாம்." இங்கு ஒரு கொஞ்சம் என்பது ஒரு முழு மலை.

தரவு 2: பேச்சு நின்றுபோன இடம். மோர் விற்ற அம்மாவிடம், இன்னும் எவ்வளவு தூரம் என்பதைத் தெலுங்கில், "இங்கா எந்த தூரம்?" என்றேன். "கொஞ்செமே, நாயனா."

தரவு 3: காலி கோபுரம். தெலுங்கில் காலி என்றால் காற்று. தமிழில் என்ன பொருள் என்பதை என் கால்கள் அறியும். இங்கும் பதில் அதுவே.

தரவு 4: மான் பூங்காவைத் தாண்டி, முழங்கால் முறிச்சான். இராமானுசர் முழங்காலிட்டு ஏறிய இடம் என்பது ஐதீகம். அங்கே ஒரு பாட்டி படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டு வந்தார். எவ்வளவு தூரம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஆய்வில் இந்த அளவை தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான்.

பகுப்பாய்வு: மீதிப் படிகள் ஆயிரமானாலும் ஐம்பதானாலும் 'கொஞ்சம்' மாறுவதில்லை. ஆகவே அது அளப்பது தூரத்தை அன்று, கேட்பவன் முகத்தை. இன்னொன்று: தமிழுக்கு வடவெல்லை வேங்கடம் என்கிறது தொல்காப்பியப் பாயிரம். அந்த எல்லையின் மேலேயே நின்று பார்த்ததில், இந்தச் சொல் மட்டும் இருபுறமும் தடையின்றிப் போய்வருகிறது.

பரிந்துரை: இதை மீட்டரில் மாற்றித் தரும்படி எந்த அரசையும் வேண்ட வேண்டாம். மாற்றினால், ஏறுகிறவர்களில் பாதிப் பேர் காலி கோபுரத்திலேயே காலி.