அடைவு 2.137 வரவழைப்பது எப்படி?

ட்ரிபிள்-ஈ துறையின் என்.பி.ஏ. கோ-ஆர்டினேட்டராக உங்களை இந்த வருடம் நியமித்திருக்கிறார்கள் என்றால், அதைப் பதவி உயர்வு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். துறையில் எக்செல் தெரிந்த, கல்யாணம் ஆகாத, முடியாது என்று சொல்லிப் பழகாத ஆள் நீங்கள் ஒருவர்தான் என்பதை மேலிடம் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவே. இன்று வாழ்த்த வருகிறவர்கள் எல்லாரும் நாளைக்குத் தங்கள் கோர்ஸ் ஃபைலையும் உங்கள் தலையில் கட்டப்போகிறவர்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. என்.பி.ஏ. என்கிற தேசிய அங்கீகார வாரியம் 1994-ல் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் தொடங்கியது. 2010-ல் தன்னாட்சி பெற்றது. ஆறு நாட்டுப் பொறியியல் அமைப்புகள் 1989-ல் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினராகியது. நம் பட்டத்தை அவர்களும் அவர்கள் பட்டத்தை நாமும் சமமாக மதிப்போம் என்பது ஏற்பாடு. அட்மிஷன் சமயத்தில் பெற்றோரிடம் சொல்ல இதைவிட நல்ல வசனம் கிடையாது. ஆனால் அந்த மரியாதை டியர்-1-ல் அங்கீகாரம் பெற்ற தன்னாட்சிக் கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்துகிற டியர்-2 கல்லூரிக்குக் கிடையாது. இந்தப் பின்பாதியைப் பெற்றோர் கேட்டால் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள்.

இனி மதிப்பெண் கணக்கு. டியர்-2 கல்லூரிகளில் பல வருடம் புழங்கிய படிவத்தில் மொத்தம் 1000. அதில் விஷன், மிஷன், பி.இ.ஓ. எனப்படும் படிப்பின் நோக்கங்கள் வகையறாவுக்கு 60, ஆய்வகம் முதலான வசதிகளுக்கு 80. மோட்டாருக்கும் வாசகத்துக்கும் இருபதே மதிப்பெண்தான் வித்தியாசம். மோட்டார் லட்சக்கணக்கில் ஆகும். வாசகத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற காசு போதும். எதில் முதலீடு செய்வது என்று நிர்வாகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விஷனில் உலகத்தரம், நெறி, சமுதாயம், நிலைத்த வளர்ச்சி நான்கும் வந்தாக வேண்டும். மின்சாரம் வராவிட்டால் பாதகமில்லை. சிவில் துறையும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த விஷனை எப்படி உருவாக்கினீர்கள் என்றும் படிவம் கேட்கிறது. மாணவர், பெற்றோர், முன்னாள் மாணவர், தொழில்துறையினர் எல்லாரையும் கலந்து பேசியதற்கு மினிட்ஸ் வேண்டும். விஷன் வருடக்கணக்காகச் சுவரில் தொங்குகிறது. அதை உருவாக்கிய கூட்டம் போன வாரம்தான் உருவாயிற்று. ஆகவே மினிட்ஸ் தயாரிக்கும்போது காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்த நாள் மாட்டுப் பொங்கலாக இருக்கக் கூடாது. பேறுகால விடுப்பில் இருந்த மேடம் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. ஐந்து வருடக் கூட்டங்களும் ஒரே நீலப் பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருடம் மாற்றிய கல்லூரி லோகோ அதற்கு முந்தைய மினிட்ஸின் தலையில் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது கேப் அனாலிசிஸ். பாடத்திட்டம் எழுதுவது பல்கலைக்கழகம். அதில் குறை கண்டுபிடிப்பது நம் வேலை. திருத்துகிற அதிகாரம் மட்டும் நமக்கு இல்லை. குறையே இல்லை என்று எழுதினால் பாடத்திட்டத்தைப் படித்தே பார்க்கவில்லை என்பார்கள். நிறையக் குறை என்றால், பின் எப்படி இத்தனை வருடம் நடத்தினீர்கள் என்பார்கள். ஆகவே இரண்டு மணி நேர கெஸ்ட் லெக்சரில் அடைபட்டுப்போகிற அளவுக்கு ஒரு குறையாகப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். மின்வாகன பேட்டரி மேலாண்மை இப்போதைக்கு நல்ல குறை. ஸ்மார்ட் கிரிட் போன தடவையே அடைத்தாயிற்று.

சி.ஓ.-பி.ஓ. மேப்பிங்கில்தான், அதாவது பாடத்தின் விளைவுகளைப் படிப்பின் விளைவுகளோடு பொருத்துவதில்தான், புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து சி.ஓ. வையுங்கள், யூனிட் ஐந்து என்பதைத் தவிர இதற்குக் கல்வியியல் காரணம் எதையும் தேடாதீர்கள். ஒவ்வொன்றையும் பி.ஓ.க்களோடு பொருத்தி 1, 2, 3 போட வேண்டும். ஆர்வக்கோளாறில் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால், மின்காந்தக் கோட்பாடு படித்த பையனுக்குத் திட்ட மேலாண்மையும் நிதியும் வலுவாக வந்துவிட்டன என்று ஆகிவிடும். வெறும் கோடு போடப் பழகுங்கள். நாலு கோடு இருந்தால்தான் மிச்சமுள்ள 3-ஐ நம்புவார்கள். லேப் பாடங்களில் குழுப்பணிக்குத் தைரியமாக 3 போடலாம்: ஐந்து பேர் பேட்ச்சில் ஒருவன் ரியோஸ்டாட்டை நகர்த்த, ஒருத்தி ரீடிங் எழுத, மற்ற மூவரும் ஃபேனுக்கு அடியில் நிற்பது குழுப்பணியில்தான் சேரும்.

பிறகு அடைவு. இலக்கு மதிப்பெண்ணை 60 விழுக்காடு மாணவர் தாண்டினால் 2, 70 விழுக்காடு தாண்டினால் 3 என்கிற மாதிரி ஒரு படி வைத்துக்கொள்வது வழக்கம். இலக்கை வைப்பது நாம். இன்டர்னல் கேள்வித்தாள் எடுப்பது நாம். திருத்துவது நாம். மேப்பிங் எண்ணைப் போடுவதும் நாமேதான். இத்தனையையும் எக்செலில் கொட்டிச் சராசரி எடுத்தால், நவீனக் கருவிப் பயன்பாட்டில் நம் மாணவர் அடைவு 2.137 என்று வந்து நிற்கும். மூன்று தசமம். மெஷர்மென்ட்ஸ் வகுப்பில் இதே நாம், 0.1 ஆம்பியர் பிரிவுள்ள மீட்டரைப் பார்த்து 2.137 என்று எழுதுகிற மாணவனை, "மூணாவது தசமம் எந்த முள்ளுல தெரிஞ்சுது தம்பி?" என்று நிற்கவைத்துக் கேட்கிறோம். அந்தக் கேள்வியை லேபிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கோப்புக்கு மூன்று தசமம்தான் அழகு.

போன வருடம் 2.08, இந்த வருடம் 2.137 என்றால் அதற்குப் பெயர் தொடர் முன்னேற்றம். அதே படிவத்தில் அதற்குத் தனியாக 50 மதிப்பெண். குறைந்து போனால் பதற வேண்டாம், இலக்கை உயர்த்தியதால் குறைந்தது என்று எழுதுங்கள். "லூப்பை மூடிவிட்டோம்" என்று ஒரு வரி சேருங்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எடுக்கிறவர் மட்டும் முனகுவார்: செட் பாயின்ட்டையும் சென்சாரையும் ஒரே கை பிடித்துக்கொண்டிருந்தால் எரர் எப்போதும் சைபர்தானே, பிளான்ட் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். அவருக்கு ஹாஸ்டல் டெபுடி வார்டன் வேலை கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கல்லூரி தன்னாட்சி வாங்கிவிட்டதென்றால் வேதனை வேறு வகை. பாடத்திட்டத்தைத் திருத்துகிற அதிகாரம் வந்துவிட்டதால் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்ட வேண்டும். 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் ஏ.ஐ.சி.டி.இ. மொத்தத்தை 160 கிரெடிட்டுக்கு இறக்கியது. அதனால் ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும். எது போவது என்று கேட்டால் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்கும். தொழில்துறை நிபுணர் பைத்தான் சேர்க்கச் சொல்வார். முன்னாள் மாணவர் சாஃப்ட் ஸ்கில் என்பார். அவர் வேலை பார்ப்பது ஐ.டி. கம்பெனியில். இன்டெல் 1976-ல் வெளியிட்ட 8085-ஐ எடுத்துவிடலாமா என்று யாராவது இளைஞர் கேட்டால், மூத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முடிவாக ‘மைக்ரோ பிராசசர், மைக்ரோ கன்ட்ரோலர் மற்றும் ஐ.ஓ.டி.’ என்று பாடத்தின் பெயர் மாறும். உள்ளே 8085 மூன்று யூனிட், 8051 ஒன்று, கடைசியில் உலகம் முழுவதும் ஒன்று.

நியாயமாகச் சொன்னால், பழையது எல்லாமே தூக்கி எறிய வேண்டியதல்ல. டி.சி. மெஷினை எடுத்துவிடு என்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மின்வாகனத்தில் ஓடுகிற ஏ.சி. மோட்டாருக்கு வெக்டர் கன்ட்ரோல் போடுவதே, அதைத் தனித்தூண்டல் டி.சி. மோட்டார் மாதிரி நடக்கவைக்கத்தான். ஃப்ளக்ஸையும் டார்க்கையும் தனித்தனியாகப் பிடிப்பது என்றால் என்ன என்று டி.சி. மோட்டாரைத் தொடாதவனுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்? ஆனால் கூட்டத்தில் இந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. "முப்பது வருஷமா நடத்தறேன் சார்" என்பதோடு விவாதம் முடிந்துவிடும்.

என்.பி.ஏ. ஆய்வுக் குழு வர ஒரு வாரம் இருக்கும்போது மெஷின்ஸ் லேபுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லுவார்கள். அடியுங்கள், ஆனால் பெயின்டரை மேற்பார்வை பாருங்கள். ஒரு லேபில் டி.சி. ஷன்ட் மோட்டார்கள் எல்லாம் பச்சைப்பசேல் என்று மின்னின, நேம் பிளேட்டும் சேர்த்து. எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருந்த இடம் வழவழவென்று இருந்தது. லோடு டெஸ்டுக்கு முதலில் எழுதுவதே நேம் பிளேட் விவரம்தான். ரேட்டட் கரன்ட்டில் 125 விழுக்காடு என்று ஃப்யூஸ் கணக்குப் போட வேண்டும். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் மட்டும் ஒவ்வொரு மெஷினின் ரேட்டிங்கையும் மனப்பாடமாக வைத்திருந்தார். அவருக்கு ஆசிரியர் தலைப்பிலுள்ள 200 மதிப்பெண்ணில் ஒன்றுகூடக் கிடையாது.

மாணவர்களுக்கு ஒத்திகை அவசியம். விஷனை ஒரே மூச்சில் ஒப்பிக்கிற ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, குழு நடக்கிற வழியில் ‘தற்செயலாக’ நிறுத்துங்கள். அதற்குமேல் எதுவும் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். ஆனால் சில நிபுணர்கள் விவகாரமானவர்கள். ஃபைலைத் தொடமாட்டார்கள், நேரே லேபுக்குப் போய் மூணு பாயின்ட் ஸ்டார்ட்டரைக் காட்டி, கைப்பிடி ஏன் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்பார்கள். விஷன் ஒப்பித்த பெண் முழிப்பாள். ஃபேனுக்கு அடியில் நின்றவர்களில் ஒருவன், "நோ-வோல்ட் காயில் இழுத்துப் பிடிச்சிருக்கு சார். கரன்ட் போனா விட்டுரும், ஸ்பிரிங் பின்னால தள்ளிரும். இல்லாட்டி கரன்ட் வரும்போது ரெசிஸ்டன்ஸ் இல்லாம நேரா சப்ளை போயிரும்" என்பான். அவனுக்கு மூன்று அரியர் இருக்கும். அவனை எந்தப் பட்டியலிலும் நீங்கள் சேர்த்திருக்கமாட்டீர்கள்.

மூன்றாம் நாள் எக்ஸிட் மீட்டிங்கில் முடிவு சொல்லமாட்டார்கள். எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொல்வார்கள், குழுப் படம் எடுப்பார்கள். முடிவு பிறகு வரும். ஆறு வருடம் என்றால் பேனரில் வருடத்தைப் பெரிதாகப் போடுங்கள். மூன்று என்றால் ‘அங்கீகாரம்’ என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

பேனர் கட்டிய கையோடு ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டாக இருந்த பி.ஓ. புதிய படிவத்தில் பதினொன்றாகிவிட்டது. சமுதாயமும் சுற்றுச்சூழலும் ஒரே தலைப்புக்குள் குடியேறிவிட்டன. எல்லாப் பாடத்துக்கும் மேப்பிங்கை முதலிலிருந்து போட வேண்டும். பழைய எக்செலில் ஒரு பத்தியை அழித்தால் மற்ற ஷீட்டில் ஃபார்முலா எல்லாம் பிய்ந்துபோகும்; ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள்.